அனுப்பி வைத்தவர்கள்

அவள் எங்கள் கடையில் வேலைக்குச் சேர்ந்த வருடம் ரம்ஜானுக்கு முதலாளி வீட்டிலிருந்து எல்லோருக்கும் பிரியாணி வந்தது. கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டில் செல்போன் விற்கிற, பழுது பார்க்கிற கடை எங்களுடையது. முதலாளியை பாய் என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் சாப்பிடும்போது எதிரிலேயே நின்று, "எப்டிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"சூப்பர் பாய்" என்றேன் நான். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அவள் மட்டும் ஒரு வாய் மென்றுவிட்டு, கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

"வாசம் அருமையா இருக்கு பாய். கறி பஞ்சு மாதிரி வெந்துருக்கு. ஆனா உப்பு கம்மி. அரிசி வேகும்போதே போட்டிருக்கணும். அப்பறம் போட்டா ஏறாது."

சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண். பாய் அவளுடைய டப்பாவிலிருந்தே ஒரு கை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். "கம்மிதான்" என்றார். பக்ரீத்துக்கு அவர் மனைவி அவளுக்கென்று தனியாக ஒரு டப்பா கொடுத்தனுப்பினார். அந்தப் பெண் சாப்பிட்டுக் கருத்து சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்குப் பரிமாற வேண்டுமாம்.

அவள் அப்படித்தான். எதைப் பார்த்தாலும் அதில் நல்லது எது என்று முதலில் தேடுவாள். ஒப்புக்கு இல்லை, உண்மையாகவே தேடிக் கண்டுபிடிப்பாள். பிறகு "ஆனா" என்பாள். அந்த "ஆனா"வுக்குப் பின்னால் வருவதில் விஷம் இருக்காது. ஆனால் அதைச் சொல்லாமல் விடவும் அவளால் முடியாது. பஸ் டிரைவர் வளைவில் திருப்பியதற்கு, பக்கத்துக் கடை திறப்பு விழாவில் பேசியவரின் பேச்சுக்கு, என் புதுச் சுடிதாருக்கு, எல்லாவற்றுக்கும் கருத்து இருந்தது. என் சுடிதாரைப் பற்றி அவள் சொன்னதை நான் ஒரு வாரம் மன்னிக்கவில்லை. பிறகு அதே தையல்காரரிடம் போய் அவள் சொன்ன இடத்தில் பிடித்துத் தைத்துக்கொண்டேன்.

தினமும் சின்னசேலத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் அப்பாவுக்கு அங்கே கொஞ்சம் நிலம். மக்காச்சோளமும் மரவள்ளியும் போடுவார். வீட்டில் யாருக்கும் தெரியாமல் அவள் யூடியூபில் ஒரு சேனல் வைத்திருந்தாள். ஜப்பான்காரர்கள் வரைந்து எடுக்கும் அனிமே தொடர்களைப் பார்த்துவிட்டுத் தமிழில் விமர்சனம் சொல்லுவாள். முகம் வராது, குரல் மட்டும்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் பின்னாலிருந்த குடோனில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசிப் பதிவு செய்வாள். பெட்டிகள் எதிரொலியைக் குடித்துவிடும் என்பாள். அந்த நேரம் மட்டும் பாய் முன்னால் ஓடும் பாட்டை நிறுத்தி வைப்பார்.

"பொம்மப் படத்துக்கு இவ்ளோ பேச்சாடி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பொம்மன்னு நெனச்சிதான் எல்லாரும் கண்டுக்காம உட்டுட்டாங்க. அதனாலதான் அதுக்குள்ள இன்னா வேணா சொல்ல முடியுது" என்றாள்.

பேச்சில் அவள் ஊரை மறைக்கவே இல்லை. இன்னா, வூடு, வந்துக்கினு, போய்க்கினு எல்லாம் அப்படியே வரும். கேட்கிற பையன்கள் கிண்டல் செய்வார்கள். அதற்காகவே வந்து கேட்கிறவர்களும் இருந்தார்கள்.

அடுத்த வருடம் அவளுடைய அக்கா இறந்துபோனாள். திருக்கோவிலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பெண் குழந்தை பிறந்து சில நாட்களில், ஆஸ்பத்திரியிலேயே மூச்சுத் திணறி உயிர் போய்விட்டது. காரியம் முடிந்து அவள் கடைக்கு வந்தபோது நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் அழவில்லை. கைக்குழந்தை சின்னசேலத்தில் இவர்கள் வீட்டில்தான் வளர்ந்தது. அவள்தான் தூங்க வைப்பாள். காலையில் வரும்போது சிவந்த கண்களும் துப்பட்டாவில் பால் வாடையுமாக வருவாள். பேர் வைக்கும் மனநிலை யாருக்கும் இல்லாததால் வெறும் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். "பாப்பாவுக்குத் தூக்கம் நல்லா வருது. ஆனா தொட்டில ஆட்டுறத நிறுத்தினா ஒடனே கண்டுபுடிச்சிடுறா" என்று அதற்கும் கருத்து சொல்லுவாள்.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கப்பல் தொடர் வந்தது.

செல்போனில் ஆடும் ஒரு விளையாட்டை வைத்து எடுத்த தொடர். பழைய போர்க்கப்பல்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண் இருப்பாள். அவள்தான் அந்தக் கப்பலின் உயிர். கப்பல்மேல் குண்டு விழுந்தால் அவள் உடம்பில் காயம் படும். விளையாட்டை ஆடும் பையன்கள் தொடருக்காக ரொம்ப நாளாகக் காத்திருந்தார்கள். அவளையும் பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வாரம் ஒன்றாக வெளிவந்ததை அவள் விடாமல் பார்த்தாள்.

நடுவில் பாய் எங்களைக் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போனார். கரியாலூர் படகுத்துறையில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு மிதிபடகில் உட்கார்ந்தோம். மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் படகைத் திருப்பு, திருப்பு என்று என்னை மிதிக்க வைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு முட்டி வலித்தது.

"இந்தச் சின்னப் படகே இவ்ளோ மெதுவா திரும்புது. அந்தத் தொடர்ல அவ்ளோ பெரிய கப்பலு ஷேர் ஆட்டோ மாதிரி டக்குனு திரும்புது. தப்பு" என்றாள். அவள் கடலைப் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றைப் பற்றிச் சொல்வதற்கு முன் முடிந்த அளவு சரிபார்த்துக்கொள்ள நினைத்தாள். கரையேறிய பிறகு மலைத்தேன் விற்றவரிடம், தேன் நன்றாக இருக்கிறது ஆனால் பாட்டில் கழுவவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் வேனில் ஏறினாள்.

தொடர் முடிந்ததும் குடோனில் உட்கார்ந்து பேசினாள். நான் அன்று உள்ளேயே இருந்தேன்.

"தண்ணிய இப்டிக்கூட வரைய முடியுமான்னு இருந்துச்சு. காலையில ஒரு கலரு, மழைக்கு முன்னாடி ஒரு கலரு. பாட்டும் நல்லாருக்கு. ஆனா மூணாவது எபிசோட்ல ஒருத்தி முழுகிப் போறா. சின்னப் பொண்ணு. அடுத்த எபிசோட்ல எல்லாரும் குந்தி சோறு துன்னுக்கினு சிரிக்கிறாங்க. அவ எங்கன்னு ஒருத்தரும் கேக்கல. முழுகினது கூட எனக்குக் கஷ்டமா இல்ல. அதுக்கப்பறம் யாருமே கேக்கலன்றதுதான் கஷ்டமா இருக்கு."

பையன்களுக்குக் கோபம் வந்துவிட்டது. போய்ச் சமையல் வீடியோ போடு என்று ஒருவன் எழுதினான். அதைப் படித்துச் சிரித்தாள். முதலில் விளையாட்டை ஆடிப் பார்த்துவிட்டு வந்து பேசு என்று இன்னொருவன் எழுதியிருந்தான். அதற்குச் சிரிக்கவில்லை. "இவன் சொல்றது ஞாயம்தான்" என்றாள். அன்று மாலையே விளையாட்டைப் போனில் ஏற்றிக்கொண்டாள்.

சின்னசேலம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஆடினாள். எனக்கும் காட்டினாள். நாம்தான் தளபதி. எந்தக் கப்பல் சண்டைக்குப் போக வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

"இங்க பாரு. ரொம்ப அடிபட்டுட்டா இவ முகம் சேப்பாயிடும். சேதம் ஜாஸ்தி, இதுக்கு மேல போனா முழுகிடுவான்னு எழுத்து வரும். கீழ ரெண்டு பட்டன் இருக்குது பாரு. ஒண்ணு திரும்பி வந்துடு. இன்னொண்ணு முன்னேறு."

"முன்னேறு அமுக்கினா முழுகிடுவாளா?"

"அதான் இல்ல. முக்காவாசி நேரம் ஒண்ணும் ஆகாது. ஜெயிச்சிக்கூட வந்துடுவா. அதனாலதான அமுக்குறோம்."

ஒருநாள் காலையில் அவள் நேரத்துக்கு வரவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பிறகும் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாளாம். கண்டக்டர் வந்து தோளைத் தட்டி, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டாராம். அன்று அவள் முன்னேறு அமுக்கி அனுப்பிய கப்பல் மூழ்கிவிட்டது. விளையாட்டில் ஒருமுறை மூழ்கினால் அவ்வளவுதான், திரும்ப வராது.

அன்று மதியம் மறுபடியும் பேசப்போனாள். போன தடவை தான் சொன்னதில் ஒரு தவறு இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தாள். "வெளாட்டுல அவ தானா முழுகறதில்ல. எச்சரிக்க வருது. அதப் படிச்சிட்டுதான் ஒருத்தர் அனுப்புறாரு. தொடர்ல அந்த ஆளையே எடுத்துட்டாங்க. அவ ஏதோ தலையெழுத்து மாதிரி முழுகறா. அனுப்பி வெச்சவங்க..." என்றவள் அதோடு நின்றுவிட்டாள்.

நான் பெட்டிகளுக்கு இந்தப் பக்கம் ஹெட்போன்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பேச்சு பாதியில் நின்றதும் எட்டிப் பார்த்தேன். போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்காவுக்குச் சின்ன வயசுல காய்ச்சல் வந்து இதயத்துல வால்வு கெட்டுப்போச்சுடி" என்றாள். "சேலத்துல டாக்டரு அப்பாகிட்ட சொன்னாரு. கல்யாணம் பண்ணுங்க, ஆனா புள்ள பெத்துக்கிறது ஆபத்து, என்கிட்ட காட்டாம எதுவும் செய்யாதீங்கன்னு. பொண்ணு பாக்க வந்தப்ப யாரும் வாயத் தொறக்கல."

"மாமாவுக்கு, அதான் அக்கா புருஷனுக்குத் தெரியாதா?"

"தெரியாது. பிரசவம் பாத்த டாக்டருக்கும் தெரியாது. அக்காவும் சொல்லல. எனக்கும் ஒரு புள்ள வேணும்டி, ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னா. எனக்குத் தெரியும். நானும் மூடிக்கினுதான் இருந்தேன். ஊருக்கெல்லாம் கருத்து சொல்றேன்."

அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பேசி முடித்தாள். அதைக் கேட்டுவிட்டு ஒரு பையன், "அக்கா, நான் இதை யோசிச்சதே இல்லை" என்று எழுதியிருந்தான். அதை எனக்குப் படித்துக் காட்டினாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்கு வரச் சொன்னாள். "நீ ஒண்ணும் பேச வேணாம். சும்மா பக்கத்துல நில்லு, போதும்" என்றாள். போன பிறகுதான் தெரிந்தது. அக்கா புருஷன் வீட்டிலிருந்து பெரியவர்கள் வந்திருந்தார்கள். அக்கா இடத்தில் அவளையே கட்டிக்கொடுப்பது என்று இரண்டு வீட்டிலும் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். அவள் ஒப்புக்கொண்டால் அன்றே தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று பூவும் பழமும் கொண்டுவந்திருந்தார்கள். மாமா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். குழந்தை அவருடைய அம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"பெத்தவ போயிட்டா. சித்தியே தாயா வந்துட்டா கொழந்தைக்குக் கொற இல்ல. வேற எவ வந்தாலும் இப்டிப் பாப்பாளா?" என்றார் அவளுடைய பெரியப்பா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

"மாமா நல்லவரு. அக்காவ ஒருநாளும் மொகம் சுளிச்சுப் பேசினதில்ல. பாப்பா என் உசுரு. அதுக்காக எங்க வேணா வருவேன்" என்றாள். அவளுடைய அம்மாவின் முகம் மலர்ந்தது. "ஆனா மாமாவுக்கு ஒண்ணு தெரியணும்" என்று தொடங்கி, சேலத்து டாக்டர் சொன்னதை எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். தனக்கும் தெரியும் என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

"உள்ள போ" என்றார் அப்பா. அவர் குரல் உயரவில்லை. அவள் போகவில்லை.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "சொல்லியிருந்தா எவன்டி கட்டியிருப்பான்? காலம்பூரா வூட்டுலயே குந்தியிருக்கச் சொல்றியா அவள?"

மாமா எழுந்து நின்றார். யாரையும் திட்டவில்லை. "ஆஸ்பத்திரியில என்னதான் கேட்டாங்க" என்றார். "இதுக்கு முன்னாடி எதாவது நோவு இருந்துச்சான்னு. நான் இல்லன்னேன். எதுவும் இல்லன்னு கையெழுத்துப் போட்டேன்." அதையே இன்னொருமுறை சொன்னார். பிறகு வெளியே போய்விட்டார்.

அவருடைய அம்மா குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு, கொண்டுவந்த தட்டை அப்படியே விட்டுவிட்டு வேனில் ஏறினாள். பால்புட்டி வீட்டிலேயே தங்கிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு இவள் வேனுக்குப் பின்னால் ஓடினாள். மரவள்ளிக் காட்டுத் திருப்பம் வரை ஓடிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"இப்ப எதுக்குடி சொன்ன? வேணாம்னு மட்டும் சொல்லியிருக்கலாமே" என்று பிறகு கேட்டேன்.

"அந்த ஆஸ்பத்திரிக்கு ஏன் கூட்டினு போனேன், நான்தான் சரியா பாத்துக்கலன்னு அவரு தெனம் அழுதுக்கினு இருந்தாரு. அவரு மேல தப்பே இல்ல. அது தெரிஞ்சிக்கினு பக்கத்துலயே குந்தி நான் எப்டிக் குடும்பம் நடத்துவேன்?"

அன்றிலிருந்து அப்பா அவளிடம் பேசவில்லை. அடிக்கவில்லை, வீட்டைவிட்டுப் போகச் சொல்லவும் இல்லை. அவள் வந்து உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவார். அவள் போட்டுக் கொடுத்த டீ ஆறிக் கிடக்கும். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கள்ளக்குறிச்சியில் பெண்கள் விடுதி ஒன்றில் வந்து தங்கினாள். குழந்தையைப் பார்க்க மாமா வீட்டில் விடவில்லை. அடுத்த வருடம் மாமாவுக்கு வேறொரு இடத்தில் கல்யாணம் நடந்தது.

சேனலில் அவள் பிறகு பேசவே இல்லை. அடுத்து வந்த ரம்ஜானுக்கும் பாய் வீட்டு டப்பா அவளுக்குத் தனியாக வந்தது. பாய் எதிரில் நின்றார். சாப்பிட்டாள். "நல்லாருக்கு பாய்" என்றாள். பாய் நகரவில்லை, அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் டப்பாவைக் கழுவ எழுந்து போய்விட்டாள். "அந்தப் புள்ளைக்கு இன்னா ஆச்சும்மா?" என்று பாய் என்னிடம் கேட்டார்.

கொரோனாவுக்கு அப்புறம் அவள் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். எப்போதாவது போனில் பேசுவோம். நடுவில் ஒரே ஒருமுறை இரண்டு பேரும் சேர்ந்து திருக்கோவிலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அவளுடைய பெரியப்பா மகள் கல்யாணம். மணப்பெண்ணே போன் செய்து, நீ வராவிட்டால் பேசமாட்டேன் என்று கூப்பிட்டிருந்தாள். மண்டபத்தில் நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

பட்டுப்பாவாடை கட்டிய ஒரு பெண் குழந்தை ஓடிவந்து எங்கள் பக்கத்து நாற்காலியில் ஏறி நின்றது. அதன் ஜடை பாதிதான் பின்னியிருந்தது. சீப்பையும் ரிப்பனையும் பிடித்துக்கொண்டு ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். தூரத்தில் மாப்பிள்ளை வீட்டார் கூட்டத்தில் மாமா நிற்பதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவள் எனக்கு முன்பே புரிந்துகொண்டிருந்தாள்.

"நீ யாரு?" என்று குழந்தை அவளைக் கேட்டது.

அவள் வாய் மட்டும் அசைந்தது. அந்தப் பெண் நின்று அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எங்க வூட்டுல அக்கா போட்டோ மாட்டியிருக்கு. அதே மூக்கு" என்றாள். பிறகு குழந்தையிடம், "சித்திடி இது. உங்க சித்தி. மடியில குந்து, நான் பின்னி முடிக்கிறேன்" என்றாள்.

குழந்தை தயங்காமல் மடியில் வந்து உட்கார்ந்தது. அந்தப் பெண் குனிந்து நின்று ஜடையைப் பின்னினாள். இவள் இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றில் வைத்திருந்தாள். பின்னி முடிக்கும்போதுதான் குழந்தையின் வயிற்றைச் சுற்றிப் பிடித்தாள். அதற்குள் குழந்தை இறங்கி ஓடிவிட்டது.

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் இலைக்குக் காத்திருந்த கூட்டத்தில் அவள் அப்பா நின்றிருந்தார். இதையெல்லாம் பார்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். வரிசையை விட்டு வெளியே போனார்.

"அப்பா துன்னாம போறாரு. சக்கர மாத்திரை போட்டிருப்பாரு" என்றாள் அவள். எழுந்துபோய்ப் பந்தியில் பரிமாறுகிறவரிடம் கெஞ்சி, இலையில் சோறும் குழம்பும் தனித்தனியாகக் கட்டி வாங்கி வந்தாள். சின்னசேலத்திலிருந்து உறவுக்காரர்கள் வந்த வேன் வெளியே புளியமரத்து நிழலில் நின்றது. அப்பா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவள் கதவருகே நின்று, "சாப்புடுப்பா" என்றாள். அவர் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு என்னிடம் திரும்பி வந்தாள்.

மண்டபத்துக்கு எதிரிலேயே பஸ் நிற்கும். நாங்கள் அங்கே காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் அப்பா வேனிலிருந்து இறங்கி, ஆற்றுப்பாலத்துப் பக்கமாகத் தனியாக நடந்து போனார். எங்கள் பஸ் வந்து நாங்கள் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தபோது, வேன் டிரைவர் படியில் உட்கார்ந்து அந்தப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல பசி போலிருக்கிறது. குழம்பு கையில் வழிய வழியச் சாப்பிட்டார்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பஸ் கிளம்பி, மண்டபம் பின்னால் போய், பாலத்தில் ஏறியதும் எழுந்து, அப்பா நடந்து போன பக்கத்து ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டாள்.